பட்டுப்புழு மனையில் கிடந்த படகு

மைத்துனன் அருள்குமார் போன் செய்தபோது கிருஷ்ணப்பன் பட்டறையில் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் அடியில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். கடத்தூரில் மறுபடியும் பட்டுப்புழு வளர்க்கப் போவதாக அருள்குமார் சொன்னான். மனைக்குள் ஒன்பது வருடமாகக் கிடக்கிற நேவி மாமா படகை எடுத்தால்தான் தட்டு அடுக்க இடம் வரும், என்ன செய்யலாம் என்று கேட்டான். பழைய சாமான்காரனிடம் கேட்டுப் பார், கிடைத்த விலைக்குத் தள்ளிவிடு என்றான் கிருஷ்ணப்பன். சொல்லிவிட்டு போனை வைத்தபோது மனதுக்கு இதமாக இருந்தது. அன்றைக்கு முழுக்க வேலை சுறுசுறுப்பாக நடந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி சுசித்ரா காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "படகை நம்ம பட்டறைக்கே கொண்டாரச் சொல்லிட்டேங்க. ஞாயித்துக்கெழமை மினி லாரி வருது" என்றாள். சரியா, தவறா என்று கேட்கிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. காபியில் சர்க்கரை போதவில்லை என்று மட்டும் சொன்னான்.

பாப்பிரெட்டிப்பட்டியில் கிருஷ்ணப்பனின் ஃபைபர் பட்டறையைத் தெரியாதவர்கள் குறைவு. தொட்டி, மாட்டுத் தீவனத் தொட்டி, லாரி முகப்பு, கோயில் தேர்க் குதிரை, எது உடைந்தாலும் அவனிடம்தான் வரும். நான்கு தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் அவனுக்கு நாற்பத்து நான்கு வயதாகிவிட்டது. அதற்கப்புறம்தான் சுசித்ராவைக் கட்டினான். அவனுக்கு அது முதல் கல்யாணம். அவளுக்கு இரண்டாவது. முதல் புருஷன் முருகேஷ் நேவியில் இருந்தவன், அருள்குமார் சொன்ன நேவி மாமா. பதினைந்து வருடம் கொச்சியில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன், ஒரு வருடம் முடிவதற்குள் ஒரு காலை வேளையில் மாரடைப்பில் போய்விட்டான்.

கல்யாணமான முதல் மாதத்தில் ஒரு நாள் சாப்பாட்டின்போது சுசித்ரா, முருகேஷுக்குக் கொள்ளுத் துவையல் என்றால் உயிர் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். கிருஷ்ணப்பன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டான். அதற்குப் பிறகு இந்த மூன்று வருடத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை. முதலில் தான் ஜெயித்துவிட்டதாகத்தான் அவன் நினைத்தான். போகப் போகத்தான், பேசாமல் இருக்கிற இடத்தில் எவ்வளவு இருக்கிறதோ என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. அவள் ஜன்னலோரம் சும்மா நின்றால்கூட, யாரை நினைத்து நிற்கிறாள் என்று எட்டிப் பார்த்தான். மாமனார் வீட்டு ஹாலில் வெள்ளைச் சீருடையும் தொப்பியுமாக முருகேஷ் மாலை போட்டுத் தொங்குகிறான். முப்பது வயதில் எடுத்த படம். அவனுக்கு இனி வயது கூடாது. தலை நரைக்காது. விரலிடுக்கில் ஃபைபர் ஒட்டும் ரெசின் காய்ந்து தோல் உரியாது.

ஞாயிற்றுக்கிழமை படகு வந்தது. பதின்மூன்று அடி நீளம். வெள்ளை நிறம் மஞ்சளித்து, உள்ளே காய்ந்த மல்பெரி இலையும் எலிப் புழுக்கையும் ஒரு சாண் கனத்துக்குக் கிடந்தன. முன்பக்க மூலையில் நாலைந்து பட்டுக்கூடுகள்கூட ஒட்டிக்கொண்டிருந்தன. பாய்மரம் தனியாக, சுக்கான் தனியாக, பாய்கள் இரண்டும் உரச்சாக்கில் சுருட்டியபடி. இறக்க வந்தவர்களும் தெருவில் போனவர்களும் சுற்றி நின்று, நேவிக்காரர் படகா, இதில் கடலுக்கே போயிருப்பாரா என்று கேட்டார்கள். கிருஷ்ணப்பன் மினி லாரிக்காரனுக்கு வாடகையை எண்ணிக் கொடுத்தான். படகு தன் பட்டறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். பெண்டாட்டி வீட்டு விசேஷத்துக்கு அவளுடைய பழைய உறவுக்காரன் ஒருவன் பெட்டியோடு வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

சுசித்ரா அரூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் வேலை பார்த்தாள். இப்போது வேலை முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்து நேராகப் பட்டறைக்கே வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குப்பையை வாரி, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாள். துருப்பிடித்து நின்றுபோன கப்பிகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு ஒவ்வொன்றாகச் சுழலவிட்டாள். விறைத்துக் கிடந்த கயிறுகளை அண்டாவில் நனைத்து வெயிலில் நீட்டிக் கட்டினாள். ஆடி மாதம் மேட்டூர் அணை நிறைந்து தண்ணீர் நாகமரை வரைக்கும் ஏறி நிற்கும்போது படகை இறக்கிவிட வேண்டும் என்றாள். வாணியாறு அணை பக்கத்திலேயே இருக்கிறதே என்று கேட்டதற்கு, அங்கே விடமாட்டார்கள், நாகமரையில் மீனவர் சங்கத்தில் பேசிவிட்டேன் என்றாள். எப்போது பேசினாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

படகில் கை வைத்த நாளிலிருந்து கிருஷ்ணப்பனுக்குத் தொட்ட இடத்திலெல்லாம் முருகேஷ் இருந்தான். பாய்மரத்தின் அடியில் ஒரு முடிச்சு. வருடக்கணக்காக இறுகிப்போனது. அவன் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பிப் பார்த்தான், பல்லால்கூடக் கடித்தான். அவிழவில்லை. சுசித்ரா வந்து, முடிச்சின் முதுகைக் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினாள். பூ மாதிரி பிரிந்து விழுந்தது. அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். இதை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள், எப்படிப் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துக் காட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே கிருஷ்ணப்பன் அன்றைக்கு இரண்டு டப்பா ரெசினில் ஹார்ட்னர் அதிகமாகக் கலந்து கெட்டியாக்கிப் பாழடித்தான்.

பெரிய பாயை விரித்தபோது எலி கடித்த ஓட்டை ஒன்று தெரிந்தது. அதற்கு மேலே, எப்போதோ கிழிந்த இடத்தில் ஒட்டுத் துணி வைத்துக் கையால் தைத்திருந்தது. ஒரு முழ நீளத் தையல். ஒரு கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் ஒரே இடைவெளி. கிருஷ்ணப்பனுக்குக் கைவேலையின் தரம் தெரியும். அதை விரலால் தடவிப் பார்த்தபோது, இவ்வளவு பொறுமையான கை அந்த நேவிக்காரனுக்கு இருந்ததா என்று பொறாமை வந்தது. எலி கடித்த ஓட்டையை நானே தைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு நாள் முயன்றான். தைத்த இடம் சுருங்கி, கோணலாக, பழைய தையலுக்குப் பக்கத்தில் பார்க்கவே கூச்சமாக இருந்தது. சுசித்ரா அதைப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்குதுங்க, காத்துக்கு இது போதும் என்றாள். அந்த வார்த்தை அவனை இன்னும் கூசவைத்தது.

படகின் உள்ளே, இருக்கைக்கு அடியில், பென்சிலால் சில அளவுகள் குறித்திருந்தன. குட்டிக் குட்டியான, வட்டமான எண்கள். அதை மணல்தாள் போட்டுத் தேய்த்துவிட்டான். அழுக்கு என்று நினைத்தேன் என்று சொல்வதற்கு ஒரு பதிலையும் தயாராக வைத்திருந்தான். அவள் கேட்கவே இல்லை.

இப்படி ஒரு மாதம் போனது. அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. பாத்திரம் கழுவும்போது வாய்க்குள் ஏதோ பாடினாள். இரண்டு கிலோ இளைத்திருந்தாள். இதெல்லாம் தன்னால் வந்ததில்லை என்று கிருஷ்ணப்பனுக்குத் தெரியும். செத்து ஒன்பது வருடமான ஒருத்தன் என் பட்டறையில், என் ரெசினில், என் கையால் எழுந்து வருகிறான் என்று நினைத்தான்.

வெடிப்பைக் கண்டுபிடித்தது அப்போதுதான். படகின் நடுவில், கீழே தண்ணீருக்குள் இறக்குகிற பலகைக்காக நீளமாக ஒரு பெட்டி உண்டு. பலகை இல்லாவிட்டால் படகு காற்று தள்ளுகிற பக்கமெல்லாம் சறுக்கிப் போகும் என்று சுசித்ரா சொல்லியிருந்தாள். அந்தப் பெட்டி படகின் தரையோடு சேருகிற இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை போல வெடிப்பு ஓடியது. நாணயத்தால் தட்டிப் பார்த்தான். சத்தம் பொக்கையாக வந்தது. உள்ளே அடுக்கு விட்டுப்போயிருந்தது. அதை முழுக்கச் செதுக்கி எடுத்து, மூன்று அடுக்கு கண்ணாடி நார் மேட் வைத்து, ரெசின் ஊட்டி எழுப்ப வேண்டும். அரை நாள் வேலை. அவனுக்கு அது ஒரு பெரிய வேலையே இல்லை.

அவன் அதைச் செய்யாமல் வெடிப்பின்மேல் வெறும் பட்டி பூசினான். காய்ந்ததும் தேய்த்து, பெயிண்ட் அடித்தான். பார்த்தால் புதிதுபோல இருந்தது. தண்ணீரில் இறக்கிய பத்து நிமிஷத்தில் பட்டி விடும், உள்ளே தண்ணீர் ஏறும், படகு இனி உதவாது என்று ஆகிவிடும், அப்புறம் பழைய சாமான்காரன்தான். கணக்கு அவ்வளவுதான். முப்பது வருடத் தொழிலில் அவன் தெரிந்தே மோசமாகச் செய்த முதல் வேலை அது. உள்ளே தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்தீர்களா என்று சுசித்ரா கேட்டாள். பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை என்றான்.

ஆடி மூன்றாவது வாரம், லாரியில் படகை ஏற்றிக்கொண்டு பென்னாகரம், ஏரியூர் வழியாக நாகமரைக்குப் போனார்கள். தண்ணீர் கரையில் இருந்த வேலமரங்களின் இடுப்பு வரைக்கும் ஏறியிருந்தது. மேற்கிலிருந்து காற்று விடாமல் அடித்தது. பரிசல் ஓட்டுகிற மாதையன் இறக்குவதற்கு ஆள் கூட்டிவந்தார். அறுபது வயது ஆள். படகைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, துடுப்பு இல்லாம காத்தை நம்பிப் போறதா, வம்பாச்சே என்றார். சுசித்ரா சல்வார் போட்டிருந்தாள். தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாய்மரத்தை நிறுத்தி, கம்பி வடங்களை முறுக்கி, கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். மாதையன் அதற்குப் பிறகு அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் நான் மட்டும் ஒரு சுற்று போய்ப் பார்த்துட்டு வர்றேன், எப்படி இருக்குதுன்னு தெரியணும் என்றாள்.

கிருஷ்ணப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. கரையோரமாக நிறுத்தி, இரண்டு பேருமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒழுகும் என்றுதான் அவன் மனதில் படம் ஓடியிருந்தது. எதிரே தண்ணீர் அரை மைலுக்கு மேல் அகலம், எதிர்க்கரை ஒரு கோடாகத்தான் தெரிந்தது. நானும் வர்றேன் என்றான். இடம் பத்தாதே, உங்களுக்குப் பழக்கமில்லையே என்று அவள் சொல்லச் சொல்ல, செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஏறிவிட்டான். அவள் கொண்டுவந்திருந்த இரண்டு மிதவைச் சட்டைகளில் ஒன்றை எடுத்து, அவனுக்கு மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டினாள்.

பாய் காற்றை வாங்கியதும் படகு ஒரு பக்கம் சாய்ந்து பாய்ந்தது. அவள் விளிம்பில் ஏறி உட்கார்ந்து பின்னால் சாய்ந்தாள். ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் கயிறு. இந்தப் பக்கம் வாங்க, தலையைக் குனிங்க, காலை எடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வீட்டில் அவனிடம் இப்படிப் பேசியதே இல்லை. அவன் சொன்னபடியெல்லாம் செய்தான். பாயின் அடிக்கட்டை தலைக்கு மேல் விர்ரென்று போனபோது குந்தி உட்கார்ந்து கொண்டான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். தண்ணீர் தெறித்து நனைந்த முகம். வாய் லேசாகத் திறந்திருந்தது. பார்வை பாயின் உச்சியில் இருந்தது. கல்யாணத்தன்றும் இந்த முகம் இல்லை. அதற்குப் பிறகு எந்த நாளும் இல்லை. இந்த முகத்தை முருகேஷ் மட்டும்தான் பார்த்திருக்கிறான், வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறான் என்று நினைத்தபோது கிருஷ்ணப்பன் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

பாதத்தில் ஈரம் ஏறியது அப்போதுதான். பெட்டியின் அடியில் பட்டி பிளந்து, தண்ணீர் வரிசையாகக் குமிழ்விட்டுக்கொண்டு வந்தது. சுசித்ராவும் பார்த்துவிட்டாள்.

"அந்தப் பெட்டிக்கு அடியில மேட் வெச்சீங்களா?"

"வெக்கல."

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். அவளே அந்த வழியைத் திறந்து கொடுத்திருந்தாள். கிருஷ்ணப்பன் கணுக்கால் வரைக்கும் வந்த தண்ணீரைப் பார்த்தான்.

"மறக்கல. தெரிஞ்சுதான் உட்டேன். அவன் படகுல நீ போறது எனக்குப் புடிக்கல."

அவள் கரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். சுக்கானைத் தள்ளிப் படகைத் திருப்பினாள். பாய் படபடவென்று அடித்து மறுபக்கம் விழுந்து நிமிர்ந்தது. படகில் கிடந்த காலிப் பெயிண்ட் டப்பாவைக் காலால் அவன் பக்கம் தள்ளி, மொண்டு ஊத்துங்க என்றாள். அவன் மொண்டு ஊற்றினான்.

"நான் தனியா போயிருந்தா?" என்றாள்.

அதுக்குத்தான் ஏறினேன் என்று சொல்ல வந்தான். சொன்னால் அது பெருமையடிப்பது போல ஆகும் என்று வாயை மூடிக்கொண்டான்.

"அவரு படகுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" அவள் குரல் உயரவில்லை. "அவரு கப்பல்ல ஸ்டோர் பாத்தவரு. பெரிய கப்பல்ல ஒண்ணும் ஆவாது. இதுல ரெண்டே தடவ ஏறுனாரு. ரெண்டு தடவயும் வாந்தி எடுத்துட்டு, எறங்கிட்டாரு. கொச்சியில ஒரு பாய்ப்படகு கிளப்புல நாலு வருசம் ஆபீஸ் வேல பாத்தேன். அங்க கத்துக்கிட்டேன். பழசுன்னு அவங்க கழிச்சப்ப என் சம்பளத்துல வாங்கனேன். ஊர்ல எல்லாரும் நேவிக்காரர் படகுன்னாங்க. சரின்னு உட்டுட்டேன். நீங்களாவது கேப்பீங்கன்னு பாத்தேன்."

மொண்டுகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அந்தத் தையலு?" என்று கேட்டான்.

"நான் தெச்சது."

பென்சில் எண்களைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. மூன்று வருடமாக அவள் பால்காரனுக்கு எழுதி வைக்கிற காகிதத்தில் அதே எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

படகு பாதி நிறைந்து, கனத்து, ஆமை மாதிரி நகர்ந்தது. அப்படியும் அவள் அதைக் கொண்டுவந்து, இறக்கிய இடத்திலேயே சேர்த்தாள். மாதையன் இடுப்பளவு தண்ணீரில் வந்து முனையைப் பிடித்தார். பொம்பளை ஓட்டி நான் பாத்ததில்ல, இத்தனை தண்ணிய வெச்சுக்கிட்டு ஆம்பளை ஓட்டியும் பாத்ததில்ல என்று கிருஷ்ணப்பனிடம் சொன்னார். கிருஷ்ணப்பனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திரும்பும்போது லாரியில் அவள் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவன் பின்னால் படகோடு வந்தான். நான்கு நாள் அவள் பேசவில்லை. சோறு போட்டாள், துணி மடித்தாள், வேலைக்குப் போய்வந்தாள். அவன் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டான். முதல் தடவை அவள் கேட்காத மாதிரி எழுந்து போனாள். இரண்டாவது தடவை, "தண்ணியில வெச்சு விளையாடிட்டீங்க. அத நான் இப்ப மறக்க மாட்டேன். கொஞ்ச நாள் ஆவும்" என்றாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பட்டறைக்கு வந்தாள். கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, நீங்க செய்யுங்க, நான் பாத்துக்கிட்டு நிக்கறேன் என்றாள். அவன் பட்டியை முழுக்கச் செதுக்கினான். விட்டுப்போன அடுக்கை நல்ல இடம் வருகிற வரைக்கும் அரைத்து எடுத்தான். மேட்டை அளந்து வெட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் உருளையால் அழுத்தினான். நான்காவது ஒன்றும் வைத்தான். அவள் குனிந்து ஒவ்வொரு அடுக்கையும் பார்த்தாள். எந்த இடத்திலும் நல்லாயிருக்குது என்று சொல்லவில்லை. அது இறுகியதும், ஒரு விடுமுறை நாளில், படகின் உள்ளே அவளே குழாயைப் போட்டுத் தண்ணீர் நிரப்பி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். தாள் நனையவில்லை.

அந்தப் பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்ததால் கிருஷ்ணப்பன் கேட்டான். முதலில் எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று கேட்டான். அவள் அவனை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள். காலை ஐந்தரைக்கு மீன்பிடி வலைகளுக்கு நடுவில் ஓட்டப் பழகியது, மூன்று தடவை கவிழ்ந்தது, ஒரு பந்தயத்தில் முருகேஷின் கேப்டன் வீட்டு அம்மாவை முந்திவிட்டு அப்புறம் பயந்து போனது. முருகேஷ் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். அந்தப் பெயரை அவள் சொன்னபோது அவனுக்குள் பழைய இடத்தில் வலித்தது. ஆனால் எழுந்து போகவில்லை. அப்புறம் என்று கேட்டான்.

ஆவணி பிறந்ததும் மறுபடி நாகமரைக்குப் போனார்கள். இந்தத் தடவை அவள் தனியாகப் போனாள். ஒழுகவில்லை. நடுத் தண்ணீருக்குப் போன கொஞ்ச நேரத்தில் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. பாய் தொங்கியது. மாதையன் கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, பரிசலில் போய்க் கட்டி இழுத்து வரட்டுமா என்று கேட்டார். கிருஷ்ணப்பன் துண்டை எடுத்து வீசிக் காட்டினான். வேண்டாம் என்று அவள் கையசைத்தாள். அப்புறம் படகின் தரையிலேயே சாய்ந்து படுத்துக்கொண்டாள். கரையிலிருந்து அவள் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன, விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்று போட்டபடி.

ஒரு மணி நேரம் அப்படியே போனது. கிருஷ்ணப்பன் கடையில் வறுத்த மீன் வாங்கினான், தின்ன முடியவில்லை. அந்த இடத்தில் அவளுக்கு யாரும் தேவையாக இல்லை. முருகேஷ் இல்லை, அவனும் இல்லை. செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டதிலாவது கோபித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தான். இதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல், தன் வாழ்நாளில் தனக்கு இப்படிக் காலை நீட்டிப் படுக்க ஓர் இடம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பொறாமை அதே அளவுதான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை அதில் எதையும் உடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

மூன்று மணிக்கு மேற்கே தண்ணீர் கறுத்துச் சுருங்கி, காற்று வந்தது. அவள் எழுந்து கயிற்றை இழுத்தாள். கரை சேர்ந்ததும் முதலில் கேட்டது மீன் இருக்கிறதா என்றுதான். ஆறிப்போயிருந்ததை அப்படியே வாங்கி, நின்றபடியே இரண்டு துண்டு தின்றாள். விரலைத் துடைத்துக்கொண்டு, படகின் முனையைப் பிடித்திருந்தவனைப் பார்த்தாள்.

"காத்து இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். ஏறுங்க. இந்தத் தடவ சுக்கான நீங்க புடிங்க."

எனக்குப் பயமா இருக்குது என்றான் கிருஷ்ணப்பன். அது உண்மை.

இருக்கட்டும், தள்ளுங்க என்றாள் அவள்.